இரண்டு கீபோர்டும் ஒரு சுண்டுவிரலும்

மல்லசமுத்திரத்தில் பத்திரம் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் சென்னியப்பனைத் தேடி வருவார்கள், மீதிப் பேர் அங்கே டைப் அடிக்கிற சௌந்திரத்தைத் தேடி வருவார்கள். இது சென்னியப்பனுக்கும் தெரியும். பத்திர எழுத்தர் உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. வாசல் போர்டில் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட வந்த தோட்டத்துக்காரர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்பது ஒரே கேள்விதான்.

"சௌந்திரம் அடிச்சதுதானுங்களே?"

ஆமாம் என்றால் போதும். படித்துப் பார்க்க மாட்டார். எந்த இடத்தில் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டுப் போவார்.

மற்ற பத்திர ஆபீஸ்களில் ஒப்புப் பார்ப்பது என்று ஒரு வேலை உண்டு. முதலில் கையால் எழுதிய வரைவை, அதைத்தான் நகல் என்பார்கள், ஒருவர் உரக்கப் படிக்க, அடித்த தாளை இன்னொருவர் வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வருவார். சென்னியப்பன் ஆபீஸில் அந்த வழக்கம் என்றைக்கோ நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது. முகூர்த்த நாளில் நல்ல நேரம் தப்புவதற்குள் பத்திரம் சார்பதிவாளர் மேஜைக்குப் போக வேண்டும். ஜோசியர் குறித்துக் கொடுத்த முக்கால் மணி நேரத்தில் உரக்கப் படித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? அவள் அடித்ததில் இருபத்தாறு வருஷமாகத் தப்பே வந்ததில்லை. அப்புறம் எவன் பூதக்கண்ணாடியைத் தூக்குவான்?

சௌந்திரத்துக்கு ஐம்பத்தொரு வயது. ராசிபுரத்தில் டைப் படித்து ஹையர் பரீட்சை முடித்தவள். புருஷன் லாரியோடு நாக்பூர்ப் பக்கம் போனவன் காய்ச்சலில் படுத்து அங்கேயே போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. மகள் ஷாலினியைக் குமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. அந்த இரண்டு பேரும் போன வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். சந்தையில் கீரை வாங்கப் போனாலும், "தப்பே வராத அம்மிணி" என்று யாராவது யாருக்காவது காட்டிக் கொடுப்பார்கள். அவள் காதில் விழாத மாதிரி போவாள். ஆனால் அன்றைக்குக் கீரை கொஞ்சம் ருசியாகவே இருக்கும்.

அவள் அடித்தது ஒரு பழைய கீபோர்டில். ஒரு நூல் மில்லை மூடி ஏலம் விட்டபோது சென்னியப்பன் முதல் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கிப் போட்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஐந்து மாறிவிட்டது, கீபோர்டு மாறவில்லை. தராசில் வைத்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. வெள்ளையாக இருந்தது பழுத்து மஞ்சளாகி, எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. எழுத்து இல்லாததால் வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது, சௌந்திரத்துக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. கீ முழுசாக இறங்கி எழுத்து விழும் அந்த நொடியில் 'டக்' என்று சத்தம் வரும். எழுத்து விழாவிட்டால் சத்தமும் வராது. அந்த ஒழுங்கு அதற்கு உண்டு.

பிரச்சினை சுண்டுவிரலில் ஆரம்பித்தது. ஒரு நாள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள், ஏதோ தீய்கிற வாசம் வந்தது. தோசையைப் பார்த்தாள், தோசை நன்றாகத்தான் இருந்தது. தீய்ந்தது அவளுடைய வலது சுண்டுவிரல். கல்லின் ஓரத்தில் பட்டுக்கொண்டு இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. கொப்புளத்தில் மருந்து போட்டுத் துணி சுற்றி, விரலுக்கு என்ன ஆயிற்று என்பதை விட்டுவிட்டு, தோசைக்கல் காம்பு சரியில்லை என்று மாற்றினாள்.

தமிழில் அடிக்கும்போது வலது சுண்டுவிரலுக்குத்தான் வேலை அதிகம். புள்ளி அதன் பொறுப்பு. 'தி'யின் தலையில் வளைகிற மேல்விலங்கு அதன் பொறுப்பு. எண்களில் பூஜ்ஜியமும் அதன் பொறுப்பு. அந்த வருஷம் மார்கழியிலிருந்து அங்கங்கே புள்ளி விழாமல் போனது. சத்தம் குறைந்ததைக் காது சொல்லிவிடும், உடனே திரும்பி வந்து சரி செய்துவிடுவாள். கீபோர்டு பழசாகிவிட்டது, ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று அவளாகவே முடிவு கட்டினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்தவளும் கால் நொண்டியானால் முதலில் கூடத்தைத்தான் சொல்வாள்.

பங்குனியில் சென்னியப்பன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் பழைய கீபோர்டின் உருண்டைப் பின்னைச் சொருக இடமே இல்லை. கூட வந்த தட்டைக் கீபோர்டில் சௌந்திரம் அரை நாள் அடித்துப் பார்த்தாள். அப்பளத்தின் மேல் அடிப்பது போல இருந்தது. சென்னியப்பன் நல்ல மனுஷன். பழையதுக்கு ஏதாவது மாற்றுப் பின் கிடைக்குமா, இல்லை புதிதாகவே ஒன்று எடுக்கலாமா, நீயே சேலம் போய்ப் பார்த்து எது கைக்குச் சரியோ அதை எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பி வைத்தார்.

சேலம் ஐந்து ரோட்டுச் சந்திப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் அன்பழகன் கடை. முப்பது வயதுக்காரன். கேம் ஆடுகிற பையன்களுக்கு விளக்கு எரிகிற கீபோர்டு விற்பது அவன் தொழில். சௌந்திரம் மஞ்சள் பையிலிருந்து பழையதை எடுத்து வைத்ததும் அவன் கண் விரிந்தது. அடியில் புரட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், இந்த மாதிரிப் பழசைத் தேடி அலைகிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள் என்றான். ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு கீயாக அமுக்கிப் பார்த்துவிட்டு, எல்லாமே நேற்று வாங்கினது போல இருக்கிறது என்றான். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

புதியவற்றை வரிசையாக வைத்தான். ஒன்றில் கீ வெண்ணெய் போல இறங்கியது. ஒன்றில் நடுவில் சின்னத் தடங்கல் வந்தது. ஒன்றில் 'கிளிக்' என்று சத்தம் வந்தது. பழையதின் சத்தம் போலக் கனமாக இல்லை, பேனா மூடி திறக்கிற மாதிரி. இருந்தாலும் அவள் அதையே கையில் எடுத்து, கடைக் கம்ப்யூட்டரில் சொருகி, மனப்பாடமாகத் தெரிந்த கிரயப் பத்திரத் தொடக்கத்தை அடிக்க ஆரம்பித்தாள். திரையில் முதல் வரி ஒழுங்காக வந்தது. அடுத்த வரி முழுக்க வெறும் புள்ளியாக ஓடியது.

"அக்கா, விரல எடுங்க" என்றான் அன்பழகன்.

"எந்த விரல சாமி?"

அவன் அவளுடைய வலது சுண்டுவிரலைப் பார்த்தான். அது புள்ளிக் கீயின் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தது. அவளும் பார்த்தாள். அடுத்தவர் விரலைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. இடது கையால் அதைத் தூக்கி எடுத்தாள். அவன் அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை குழி விழுந்திருப்பதைக் காட்டினான். தன் மாமனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றான்.

"டாக்டரப் பாருங்கக்கா. இன்னைக்கே சேலத்துலயே பாத்துட்டுப் போயிருங்க. கீபோர்டு எங்கயும் ஓடிராது."

பார்க்கிறேன் என்றாள். பார்க்கவில்லை. பழையதுக்கு மாற்றுப் பின் ஒன்று, புதிய கீபோர்டு ஒன்று, இரண்டையும் வாங்கிக்கொண்டு திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். டாக்டரைப் பார்த்தால் சீட்டு எழுதுவார், சீட்டு வந்தால் ஊருக்குத் தெரியும், தெரிந்தால் அடுத்த நாளே யாராவது பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு சுண்டுவிரலை மறைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவள் மேஜையில் இரண்டு கீபோர்டு. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சொருகினாள். எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்து வை என்று சென்னியப்பன் இரண்டு தடவை சொன்னார். பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்றாள். உண்மையில் அவளால் முடிவு செய்ய முடியவில்லை. பழையதில் கீ இறங்கப் பலம் வேண்டும். சுண்டுவிரலில் பலம் இல்லை, எழுத்து விழாமல் போகும். புதியதில் தொட்டாலே விழும். விரல் தொடுவது அவளுக்கே தெரியாது, வேண்டாத எழுத்து வந்து நிற்கும். ஒன்றில் குறை, இன்னொன்றில் மிகை. கிரயப் பத்திரத்தில் எது மேல்? அதை யாரிடமாவது கேட்டிருந்தால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் யோசித்துப் பழையதுதான் என்று முடிவுக்கு வந்தாள். காரணம் சத்தம். விரல் சொல்லாததைக் காது சொல்லும். தன் பெயருக்கு, கொம்பும் புள்ளியும் விலங்கும் தனித்தனியாக, எத்தனை சத்தம் வர வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாள், பத்து. அதில் சுண்டுவிரலுக்கு மூன்று. பத்தும் வந்தால் நிம்மதி. ஏழு, எட்டு என்று நின்றால் திரும்பிப் போய் அடிப்பாள். அடிப்பது மெதுவாகிவிட்டது, ஆனால் தப்பு வரவில்லை. புதியதைப் பெட்டியில் போட்டு பீரோவின் மேல் வைத்தாள். இனிமேல் பயமில்லை என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். கண்ணுசாமி, சிவக்குமார் என்ற அண்ணன் தம்பி இருவரும் தோட்டத்தின் பாகப்பிரிவினைக்கு வந்திருந்தார்கள். ரோட்டை ஒட்டிய முன்பாகம் தம்பி சிவக்குமாருக்கு, பின்பாகம் அண்ணன் கண்ணுசாமிக்கு. பின்பாகத்துக்காரர் போய்வர முன்பாகத்தின் மேற்கு ஓரமாக 10 அடி அகல வண்டித்தடம். இதில் இருவருக்கும் ஒரு சச்சரவும் இல்லை. வரும்போது ஒரே பைக்கில் வந்தார்கள். சென்னியப்பன் நகலை எழுதி அவளிடம் கொடுத்தார். நல்ல நேரம் முடிய நாற்பது நிமிஷம்தான் இருந்தது.

அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து மனையில் ஆழ்துளைப் போர் போட ரிக் வண்டி வந்து நின்றிருந்தது. கம்ப்ரஸர் கிளம்பியதும் மேஜை அதிர்ந்தது, டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது, எதிரே இருக்கிறவர் வாய் அசைவதுதான் தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினார்கள், பிரயோஜனமில்லை. சௌந்திரம் கையைக் கீபோர்டில் வைத்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கு மட்டும் உரக்கப் படித்து ஒப்புப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் சென்னியப்பன் மறுத்திருக்க மாட்டார். சொல்ல வாயெடுத்தாள். எதிரே அண்ணனும் தம்பியும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தே நம்பிக்கை வந்தவர்களாக. இவர்கள் எதிரில் என்ன காரணம் சொல்வது? வாயை மூடிக்கொண்டு அடித்தாள். அடித்து முடித்துத் திரையில் ஒரு தடவை கண்ணை ஓட்டினாள். தொகையையும் பரப்பையும் எண்ணிலும் எழுத்திலும் போடுவார்கள், அதெல்லாம் சரியாக இருந்தது. தடத்தின் அகலத்தை எண்ணில் மட்டும் போடுவது அந்த ஆபீஸின் வழக்கம். அந்த இடத்தில் கண் நிற்கவில்லை. அண்ணனும் படிக்கவில்லை, தம்பியும் படிக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நல்ல நேரத்துக்குள் பதிவு முடிந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஐப்பசியில் கண்ணுசாமி தன் பங்கில் போர் போட்டார், அறுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. பார்த்துவிட்டுத் தம்பியும் போட்டான். தொள்ளாயிரம் அடி இறங்கியும் புழுதிதான் வந்தது. தம்பியின் ஊற்றை அண்ணன் இழுத்துக்கொண்டான் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. பேச்சு நின்ற பிறகுதான் சிவக்குமார் பத்திரத்தை எடுத்து முதல் தடவையாக வரிவரியாகப் படித்தான். தையில், கண்ணுசாமியின் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கத் தயாராக இருந்த நேரத்தில், மேற்கு ஓரத்தில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தான். தடத்துக்கு ஒரு அடி விட்டிருந்தான்.

கண்ணுசாமி பத்திரத்தோடு ஆபீஸுக்கு வந்தார். சென்னியப்பன் வாங்கிப் பார்த்தார். 1 அடி அகல வண்டித்தடம் என்று இருந்தது. பீரோவிலிருந்து தான் எழுதிய நகலை எடுத்துப் பார்த்தார். 10 என்று இருந்தது. இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்தார். கண்ணுசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சௌந்திரத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிராக்டர் உள்ளே வர வழியில்லை, தலைச்சுமையாகச் சுமந்தால் நாளுக்கு நாலு மூட்டை வெளியே வரும், அதற்குள் கிழங்கு மண்ணிலேயே முற்றி நார் கட்டிவிடும், ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்காரன் தொட மாட்டான் என்று மெதுவாகச் சொன்னார். பிழைத்திருத்தல் பத்திரம் போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும். அதற்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி மாட்டேன் என்கிறான், கையெழுத்தில்லாத நகலைக் காட்டினால் அது அவனுக்குச் சாட்சியாகாது.

"எங்கிட்ட என்ன சொல்றான் தெரியுங்களா? சௌந்திரம்மா அடிச்சதுல தப்பு வந்துச்சுன்னு ஊர்ல ஒருத்தன் சொல்லட்டும், நான் வந்து கையெழுத்துப் போடறேங்கறான்."

அவர் போன பிறகு சௌந்திரம் சென்னியப்பன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். தன் வலது கையை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தோசைக்கல், அன்பழகன், டாக்டரைப் பார்க்காதது, ரிக் வண்டி. ஒன்றையும் மறைக்கவில்லை. அழவும் இல்லை.

"பங்குனியிலயே தெரியுமா?" என்றார் சென்னியப்பன்.

"தெரியுமுங்க."

அவர் திட்டவில்லை. அன்று காலை அவள் அடித்து வைத்திருந்த மூன்று பத்திரங்களை எடுத்தார். நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த ஆபீஸில் அவள் அடித்ததை யாரும் அப்படிப் படித்ததில்லை. மூன்றிலும் தப்பு இல்லை. அதனால் அவளுக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

மாசியில் சென்னியப்பனே சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நரம்பு டெஸ்ட் எடுக்க வைத்தார். முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றி ஊன்றி அங்கே ஓடுகிற நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் இதற்குமேல் போகாமல் நிறுத்தலாம், போனது திரும்பாது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அந்த ஒரு வருஷத்தில் பாதியை எந்தக் கீபோர்டு நல்லது என்று யோசித்தே கழித்ததை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் சென்னியப்பன் பக்கத்து சீட்டிலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் அடிக்கட்டும், நீ நகலைப் படி, போதும் என்றார். சரியென்றாள்.

கண்ணுசாமி திருச்செங்கோடு கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். வாய்தா வாய்தாவாக வருஷக்கணக்கில் போகும் என்று வக்கீலே சொல்லிவிட்டார். கிழங்கு அத்தனை வருஷம் காத்திருக்காது. ஊரில் ஒருத்தன் சொல்லட்டும் என்றுதானே சிவக்குமார் கேட்டான்? நானே போய்ச் சொல்கிறேன் என்று சௌந்திரம் கிளம்பினாள். டெஸ்ட் சீட்டை எடுத்துக்கொண்டாள். ஒரு யோசனை வந்து, பழைய கீபோர்டையும் பையில் போட்டுக்கொண்டாள்.

சிவக்குமார் மரியாதையாகத்தான் உட்கார வைத்தான். அவன் சம்சாரம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சௌந்திரம் வந்த விஷயத்தைச் சொன்னாள். அந்தத் தப்பு என்னுடையது, உங்கள் அண்ணன் ஏமாற்றவில்லை, உங்களுக்கும் அன்றைக்குப் பத்து அடி என்று தெரியும் என்றாள். சீட்டை நீட்டினாள். அவன் வாங்கித் தேதியைப் பார்த்தான்.

"இது இந்த மாசத்துச் சீட்டுங்கக்கா. பத்திரம் போன ஆவணியில. ஆவணியில உங்க கை இப்படி இருந்துச்சுன்னு இதுல எங்க இருக்குது?"

பங்குனியில் அன்பழகன் சொன்னபோதே போயிருந்தால் பங்குனித் தேதி போட்ட சீட்டு இப்போது கையில் இருந்திருக்கும். தன் பேருக்காக மறைத்தது கண்ணுசாமியின் தடத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

பையிலிருந்து கீபோர்டை எடுத்து மடியில் வைத்தாள். ஒயரை எதிலும் சொருக வேண்டியதில்லை, சத்தம் போதும். "பத்துன்னு அடிக்கிறேன் சாமி. ரெண்டு சத்தம் கேக்கோணும். எனக்கு ஒண்ணுதான் வரும். நீங்களே காதுல கேட்டுக்குங்க" என்றாள்.

அடித்தாள். டக், டக் என்று இரண்டு கேட்டது.

மறுபடி அடித்தாள். இரண்டு கேட்டது. கண் பார்ப்பதால்தான் விரலுக்குப் பலம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். இரண்டு. அந்த வரியை முழுசாக, ஆவணியில் அடித்த வேகத்தில், பத்திரத்தில் இருந்தபடியே அடித்தாள். பூஜ்ஜியம் சுத்தமாக விழுந்தது. ஒரு வருஷமாக, விழு விழு என்று அவள் கெஞ்சியபோதெல்லாம் விழாத விரல், இன்றைக்கு ஒரே ஒரு தடவை விழாமல் இரு என்று கெஞ்சும்போது தவறாமல் விழுந்தது. நெற்றியில் வேர்வை வழிய இருபது தடவைக்கு மேல் அடித்தாள். சிவக்குமார் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தான். அவன் சம்சாரம் கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

"போதுமுங்கக்கா" என்றான் கடைசியில். "ஊர்ல சொல்றது சரிதான். உங்க கையில தப்பு வராது."

அதைக் கிண்டலாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். எழுந்து கீபோர்டைப் பையில் போட்டாள். அவன் வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கண்ணுசாமியிடம் போய்ச் சொல்ல வேண்டும். பின்பாகத்துக்குப் போகிற வழி அந்த ஒரு அடித் தடம்தான். ஒரு பக்கம் முள்கம்பி, இன்னொரு பக்கம் அடுத்த தோட்டத்துக்காரரின் வேலி. பையைத் தொங்கவிட்டால் மாட்டிக்கொள்கிறது என்று கீபோர்டோடு பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை வைத்து நடந்தாள். அந்தக் கோடியில் காத்துக்கொண்டு நின்ற கண்ணுசாமி பாதித் தடம் எதிரே வந்தார். கிட்டே வந்ததும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"ஏனுங்க, கையில ரத்தமுங்க."

அவள் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலின் ஓரம் கம்பியில் கிழிந்து, பையெல்லாம் ரத்தம் பரவியிருந்தது. எங்கே பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். சிவக்குமார் வீட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது, வாசலில் யாரும் இல்லை.

என்ன ஆயிற்று என்று கண்ணுசாமி கேட்கவில்லை. "ஊட்டுக்கு வாங்க, மஞ்சள் வெச்சுக் கட்டிவுடச் சொல்றேன்" என்றார். கம்பிக்கும் வேலிக்கும் நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. அவர் முன்னால் போனார், அவள் பின்னால் போனாள்.